ரப்பர் மூடி

ஒரே தகடு, ஒரே அச்சு, ஒரே எஞ்சின்.
அதில் இரண்டு வண்டி வேண்டும்.
விலையில் எழுபதாயிரம் தள்ளி நிற்க வேண்டும்.
எப்படி வேறாக்கலாம் என்று
ஓட்டுகிறவர்களைக் கேட்டு வா என்றார்கள்.
கேள்வித்தாள் நாற்பது பக்கம்.
சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது விடியவில்லை.

லீ பஜாரில் அரிசி ஏறிக்கொண்டிருந்தது.
என் அட்டையை வாங்கிய அர்த்தநாரி
அதைப் படிக்காமல் தலைக்கு மேல் செருகினார்,
இன்சூரன்ஸ் தாளுக்கும்
பல் ஆஸ்பத்திரி நோட்டீசுக்கும் நடுவில்.
"ஏறுங்க. போய்ட்டே கேளுங்க."

கோரிமேடு தாண்டும்போது முதல் கேள்வி:
முகப்பு எப்படி இருக்க வேண்டும்,
சாந்தமாகவா, முரட்டுத்தனமாகவா?
யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.
"மூஞ்சிய நான் பாக்கறதே இல்லீங்களே.
எதுக்க வர்றவன்தான் பாக்கறான்."

அடிவாரம். பிறகு எண் போட்ட வளைவுகள்.
ஐந்தில் திரையின் அளவு கேட்டேன்.
ஏழில் குரங்குகள்.
ஒன்பதில் நிறங்களைப் படித்துக் காட்டினேன்:
காட்டுப் பச்சை, பாலை மணல், நள்ளிரவு நீலம்.
"வெள்ளைங்க" என்றார்.
"டிங்கர் பண்ணுனா வெள்ளைதான் ஒட்டும்."
பதினொன்றில் பேருந்து இறங்கி வந்தது.
ஏறுகிறவனுக்கே வழி என்று
அதற்கும் சட்டம் தெரியும்,
நேரம் அதைவிட நன்றாகத் தெரியும்.
நாங்கள்தான் பின்னால் உருண்டோம்.
ஒன்றேகால் டன் அரிசியும் பருப்பும்
ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எங்களை இழுத்தன.
அப்போது நான் எதுவும் கேட்கவில்லை.

நாகலூர்க் கடையில் இறக்கினார்கள்.
பொன்னுருவி குனிந்து மூட்டையை முதுகில் வாங்கும்போது
பின்கதவின் விளிம்பு விலாவில் படுகிறது.
அந்த இடத்தில் மட்டும்
பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.
எவ்வளவு தாழ்ந்தால் சரியாக இருக்கும் என்றேன்.
அவள் தகட்டின் மேல் கையைப் படுக்க வைத்தாள்:
நான்கு விரல்.
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
'பிற' என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.

பக்கத் தகடுகளில் ஆறும் ஆறும் பன்னிரண்டு கொக்கி.
கம்பெனி கொடுத்ததா?
"செவ்வாய்ப்பேட்டைல வெல்டு வெச்சதுங்க.
கம்பெனி வண்டில கயிறு மாட்ட எடமே கெடையாது.
கட்டாம எப்படி எறங்கறது?"

இறங்கும்போது காபி மூட்டை, பத்துப் பலா,
வீடு மாறுகிற ஆசிரியை ஒருத்தியின் கட்டில்.
இருபது வளைவிலும் எதுவும் அசையவில்லை.
என் வேலை என்னவென்று அப்போதுதான் கேட்டார்.
ஒரே உடம்பு, இரண்டு வண்டி என்றேன்.
சிரித்தார்.
"என் பேரே அதுதானுங்களே.
திருச்செங்கோட்டு மலைல
எப்பவோ முடிச்ச வேலை."

மூன்று வாரம் கழித்துக் கூட்டம்.
நான்கு விரல் என்றேன். அச்சைத் தொட முடியாது என்றார்கள்.
கொக்கி என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
ஒன்று பதினோரு ரூபாய்.
விலை கூடிய வண்டியில் வைக்கலாம்,
கூடாரம் கட்டப் போகிறவர்களுக்கு.
அதற்கு 'சாகசத் தொகுப்பு' என்று பெயரும் வந்துவிட்டது.
விலை குறைந்த வண்டிக்குக் கிடையாது.
ஆனால் தகடு ஒன்றுதானே,
துளை இரண்டிலும் விழும்.
அதனால் மலிவு வண்டியின் துளைகளுக்கு
கறுப்பு ரப்பர் மூடி, பன்னிரண்டு.
வேறுபாடு கிடைத்துவிட்டது.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரவில் அர்த்தநாரியை அழைத்துச் சொன்னேன்.
எதை வாங்குவீர்கள்?
"கொறஞ்சதைத்தானுங்க."
அதில் கொக்கி இல்லை என்றேன், மறுபடியும்.
"தொளை இருக்குதில்லீங்க?"
இருக்கிறது. மூடி போட்டிருக்கும்.
"அப்ப டிரில் கூலி மிச்சம்" என்றவர்
கொஞ்சம் நிறுத்தி,
"அந்தப் புள்ளைக்கு நாலு விரல் என்னாச்சு?" என்றார்.

நான் பதில் தேடும்போது
அங்கே கியர் இறங்கும் சத்தம்.
"பதினாலு வருதுங்க. வெச்சர்றேன்."